கண்ணாடிக் கடைக் கை

பதினெட்டாம் தேதி, செவ்வாய்.
நேற்று அக்கா சைக்கிளின் இடது கிராங்குக்கு எதிரே "இறுக்கம் சரி" என்று எழுதினேன். அது தவறு. இன்று காலை அக்கா பாதி வழியில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. ஸ்பேனர் போட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். அப்படியும் எப்படித் தவறானது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

எழுதியதன் மேல் ஒருமுறை ஊதிவிட்டுச் சின்னவள் நோட்டை மூடினாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவின் கணவர் மட்டும் இன்ஸ்பெக்டர் என்பார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், சந்தேகம் வந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்பது அத்தானின் வாதம். பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் இயந்திரப் பழுதுபார்ப்பு வகுப்பு. அன்றன்று கழற்றியதையும் மாட்டியதையும் எழுதி வையுங்கள் என்று வகுப்பு டீச்சர் முதல் நாளில் சொன்னார். மற்றவர்கள் அதை முதல் நாளோடு மறந்துவிட்டார்கள்.

பின்கட்டில் அக்கா படியில் உட்கார்ந்து குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. பின்னால் கட்டியிருந்த காலித் தட்டுகளிலிருந்து ரொட்டி வாசனை இன்னும் போகவில்லை. விடிவதற்கு முன்னால் பேக்கரியிலிருந்து பன்னும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டுவிட்டு வருவதுதான் அக்காவின் வேலை. 

"முதலாளி என்ன சொன்னார்?" என்று சின்னவள் கேட்டாள்.

"ஒண்ணும் திட்டல. அதான் பயமா இருக்கு." அக்கா நிமிரவில்லை. "பன்னு ஆறிப்போனா யாரும்மா வாங்குவா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அந்த ஸ்கூட்டர்காரனுக்கே குடுத்துடறேன், மனசுல வச்சுக்காதன்னார். எப்படி வச்சுக்காம இருக்கறதாம்?"

ஸ்கூட்டர்காரனை வீட்டில் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் ஒரு மாதமாக அவர்கள் கூடத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். புது வண்டி வாங்கியவன். தினம் அக்கா கிளம்பிப் போன பிறகு பேக்கரி வாசலில் வந்து நின்று, அந்த வேலை எனக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போகிறவன்.

அத்தான் டம்ளரோடு வந்து நின்றார். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். காலையிலேயே மீசையில் ஒரு வெள்ளைப் பொட்டு. அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், சைக்கிள் கடையில விட்டுடலாம்னு. நம்ம வீட்லதான் இன்ஸ்பெக்டர் இருக்காங்களே, கடைக்காரனுக்கு என்ன வேலைன்னு நீதான் சொன்ன."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. ஆனால் அவர் சொன்னதை மறுக்கிற குரலாக அது இல்லை.

சின்னவள் ஸ்பேனரை எடுத்து, பெடலை அச்சோடு சேர்க்கும் இடது கிராங்கின் போல்ட்டில் மாட்டி அழுத்தினாள். அசையவில்லை. "போல்ட் இறுக்கமாத்தான் இருக்கு அத்தான்."

அத்தான் குனிந்து பெடலைப் பிடித்து ஆட்டினார். டொக், டொக் என்றது. "போல்ட்டுக்கு அது தெரிஞ்சிருக்கு. கிராங்குக்கு யார் போய்ச் சொல்றது?"

அக்கா சிரித்துவிட்டாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் அவள் ஒவ்வொரு மாலையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தது போல்ட்டை. கிராங்கைக் கையால் பிடித்து ஒருநாளும் ஆட்டிப் பார்க்கவில்லை. பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவு நிலையோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் விட்ட மாதிரி.

"நாளைக்கு பேக்கரி லீவு" என்றாள். "நாளன்னைக்கு விடியறதுக்குள்ள சரி பண்ணித் தரேன்."

"பண்ணித் தருவியா, எழுதித் தருவியா?" என்றாள் அக்கா.

கடையில் அன்று ஒரு பெரியவரின் கண்ணாடிக் காது தளர்ந்து வந்தது. ஊசி முனை போன்ற திருப்புளியை எடுத்து, எள்ளளவு திருகாணியை இரண்டு விரலால் சுழற்றினாள். ஓரிடத்தில் விரல் தானாக நின்றது. அதற்குமேல் ஒரு மயிரிழை போனால் மரை போய்விடும். அந்த இடம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். கடையில் அவளுக்கு இருக்கிற மரியாதையே அந்த விரலுக்குத்தான்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போன பிறகும் அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் வகுப்பில் பேரிங் பாடம் நடந்த வாரத்தில், வீட்டு சைக்கிளின் இரண்டு கிராங்கையும் கழற்றி, பேரிங்கைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மாட்டியவள் அவள்தான். வலது பக்கம் திருகும்போது அத்தான் வந்து, தள்ளு, நான் ஒரு அழுத்து அழுத்துறேன் என்று ஸ்பேனரைப் பிடுங்கி முடித்தார். இடது பக்கத்தை அவளே முடித்தாள். விரல் எங்கே நின்றதோ அங்கே நிறுத்தினாள்.

ஆடத் தொடங்கியது இடது பக்கம்.

மாலை வகுப்பில் எல்லோரும் பம்பு ஒன்றைச் சுற்றி நின்றபோது அவள் கண்ணாடி அலமாரிப் பக்கம் போனாள். உள்ளே நீளக் கைப்பிடி வைத்த ஒரு ஸ்பேனர் இருந்தது. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அதை அதன் கழுத்தில் திருகி வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும்.

"மிஸ், இதை ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?"

"என்னாலயே கொண்டுபோக முடியாதும்மா. ஆபீஸ்ல சாவி வாங்கறதுக்கே எனக்கு மூச்சு வாங்குது" என்றார் டீச்சர்.

"அப்போ இங்கயே கொஞ்ச நேரம் பழகிக்கறேன்."

"ஸ்பேனர் பிடிக்கவா?"

"எங்க நிறுத்தணும்னு பழக."

டீச்சர் அலமாரியைத் திறந்தார். சின்னவள் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் சைக்கிள் கிராங்குக்கு என்ன அளவு என்று தேடி, அதை ஸ்பேனரில் வைத்து, பட்டறைப் பிடியில் கவ்வியிருந்த பழைய போல்ட் ஒன்றை இறுக்கத் தொடங்கினாள். விரல் வழக்கமான இடத்தில் நின்றது. டக் வரவில்லை. கொஞ்சம் தள்ளினாள். இல்லை. இன்னும் கொஞ்சம். நிச்சயம் மரை போய்விடும் என்று தோன்றியது. பம்புப் பக்கத்திலிருந்து ஒருத்தன், "ஸ்பேனர் ஒண்ணும் கடிக்காது, சும்மா அழுத்து" என்றான். காலை அகட்டி வைத்து, தோளைக் கொடுத்து, மொத்த உடம்பையும் சாய்த்தாள்.

டக்.

அவள் நின்ற இடத்துக்கும் நிற்க வேண்டிய இடத்துக்கும் நடுவே ஒரு தெருவே இருந்தது. தளர்த்திவிட்டு மறுபடி இறுக்கினாள். மறுபடியும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, டக் வருவதற்கு ஒரு நொடி முன்னால் தலையை அசைத்துக் காட்டும் அளவுக்குத் தோளுக்கு அது தெரிந்துவிட்டது. போகும் முன் கைப்பிடியின் நீளத்தைத் தன் முழங்கையோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டாள்.

புதன் காலை கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பின்கட்டில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். வீட்டு ஸ்பேனர் குட்டை. அத்தான் பெயின்ட் உருளை மாட்டும் இரும்புக் குழாயை அதன் வாலில் செருகினாள். இப்போது முழங்கையோடு ஒட்டிப் பார்த்தால் வகுப்பு ஸ்பேனரின் நீளம்தான். வலது பக்கத்தை முதலில் அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை, அத்தானின் அழுத்தில் குறையில்லை. பிறகு இடது பக்கம். தோள் சொல்லும்வரை அழுத்தினாள். போல்ட் இம்மியும் நகரவில்லை.

ஸ்பேனரை வைத்துவிட்டுக் கிராங்கைப் பிடித்து ஆட்டினாள்.

டொக், டொக்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று இரவெல்லாம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதியில் தூங்கியிருந்தாள். காரணம் சரிதான், ஆனால் அது போன மாதத்துக் காரணம். அதன் பிறகு வேறு என்னவோ நடந்திருக்கிறது. எழுந்து சைக்கிள் கடைக்கே தள்ளிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றியது. கடைக்காரர் என்ன செய்வார்? ஸ்பேனர் போடுவார், போல்ட் இறுக்கம் என்பார். அத்தோடு அனுப்பிவிடுவார்.

போல்ட்டைக் கழற்றினாள். போன மாதம் கிராங்கை இழுத்துக் கழற்றப் புல்லர் என்ற கருவி தேவைப்பட்டது. இது தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. நல்ல கிராங்கு இப்படி வராது.

கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அச்சின் முனை நான்கு பட்டையாக, வெளிப்பக்கம் போகப்போகச் சிறுத்து இருந்தது. கிராங்கில் அதே வடிவத்தில் ஒரு துளை. போல்ட் செய்கிற வேலை ஒன்றுதான்: கிராங்கை அழுத்தி, ஆப்பு இறங்குகிற மாதிரி அச்சின் மேல் ஏற்றி வைப்பது. போல்ட்டின் வாஷர் கிராங்கைத்தான் அழுத்த வேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது. தொடுகிறதா? இருட்டுக்குள் நடப்பது கண்ணுக்கு எப்படித் தெரியும்? சாயம் பூசிப் பார்த்தால் தெரியும்.

எழுந்து உள்ளே போனாள். அலமாரியில் அக்காவின் லிப்ஸ்டிக் இருந்தது. அதை அச்சின் நுனி முகத்தில் மட்டும் தடவி, கிராங்கை மாட்டி, வாஷரைத் துடைத்துப் போட்டு, போல்ட்டை இறுக்கி, மறுபடி கழற்றினாள். வாஷரின் உள்பக்கம் சிவப்பாக ஒரு வளையம்.

"ஏய், அது நான் கல்யாணங்களுக்குப் போட்டுக்கறதுடீ!" அக்கா வாசற்படியில் நின்றாள். "சைக்கிளுக்கா பூசின?"

"கொஞ்சூண்டுதான் எடுத்தேன்."

"நிறம் எடுப்பாத்தான் இருக்கு" என்றார் பின்னாலேயே வந்த அத்தான். "பொண்ணு பார்க்க வரச் சொல்லிடலாம்."

"அத்தான், இங்க பாருங்க." வாஷரை அவர் கையில் வைத்தாள். "போல்ட் இறுகினது கிராங்கு மேல இல்ல, அச்சு மேல. நான் லூசா மாட்டினதுல ஆடி ஆடித் துளை பெரிசாயிடுச்சு. கிராங்கு ரொம்ப உள்ள போயிடுது. அச்சு வெளிய வந்து வாஷரை முட்டுது. எவ்வளவு இறுக்கினாலும் அச்சைத்தான் இறுக்குவோம். கிராங்கைப் பிடிக்க ஆளே இல்ல."

அத்தான் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேலி செய்ய ஒன்றும் கிடைக்காத முகம். பிறகு பிரகாசமானார். "அவ்வளவுதானே? பெயின்ட் டப்பா மூடியை வெட்டி ஒரு பட்டை எடுத்து, துளைக்குள்ள சொருகி அடிச்சா, கல்லு மாதிரி நிக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"நிக்கற வரைக்கும்."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு நாளைக்கு விடியறப்ப வண்டி வேணும். தகரத்துல நிக்குதா தங்கத்துல நிக்குதாங்கறது எனக்கு வேண்டாம். ரெண்டு தட்டையும் ஏத்திக்கிட்டு இடது காலைப் பெடல்ல வச்சு உந்தித்தான் நான் ஏறியாகணும். அந்த நேரம் அது என்னைத் தாங்கணும். சொல்லு, தாங்குமா?"

தகரம் நாளைக்குத் தாங்கலாம். நாளன்றைக்கு மெத்தென்று நசுங்கி, துளையை இன்னும் தின்று, அச்சையும் தின்னத் தொடங்கும். அச்சு போனால் பிறகு எல்லாமே போச்சு. தகரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு கிராங்கு கிடைக்காமல் போனால், ஸ்கூட்டர்காரன் நாளைக்கு நிஜமாகவே பன்னோடு கிளம்புவான். சின்னவளுக்கு எதிலும் அவ்வளவு சீக்கிரம் நிச்சயம் வராது. ஆனால் சிவப்பு வளையத்தைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது.

"தகரம் வேண்டாம்" என்றாள். "வேற கிராங்கு வாங்கிட்டு வரேன்."

உதிரிபாகக் கடைக்காரர் பழைய கிராங்கை வாங்கி மேசையில் போட்டார். "தனியா இடது எல்லாம் வராதும்மா. செட்டாத்தான் வரும். அதுவும் சொல்லி வச்சா அடுத்த வாரம்."

"கழட்டிப் போட்ட பழசு ஏதாவது?"

அவர் காலால் ஒரு வாளியை முன்னால் தள்ளினார். உள்ளே கிராங்குகள் கருவாடு மாதிரி கிடந்தன. "தேடிக்கோ. அப்புறம் சரியில்லன்னு வரக்கூடாது."

சின்னவள் வாளிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். முதலில் பழையதன் நீளத்தோடு ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருந்தாததை ஒதுக்கினாள். பிறகு உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துத் துளைகளின் மூலைகளைப் பார்க்கத் தொடங்கினாள். பல துளைகளில் மூலை வழுக்கையாகி இருந்தது. எல்லாமே யாரோ ஆடவிட்டு ஓட்டி இங்கே வந்து சேர்ந்தவை.

"என்னம்மா, மாப்பிள்ளை பார்க்கறியா?" என்றார் கடைக்காரர்.

"மாப்பிள்ளைன்னா இவ்வளவு பார்க்க மாட்டேண்ணே. இது எங்க அக்காவைத் தாங்கணும்."

அவர் சிரித்தார். ஒரு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்து பார்த்தபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாள். வாளியின் அடியில் கிடந்த ஒன்றின் மூலைகள் மட்டும் நேற்று வெட்டியது போலக் கூராக இருந்தன. இடதுதானா? பெடல் மாட்டும் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். இடதுதான். மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறை பார்க்க எடுத்தபோது கடைக்காரர் அதைப் பிடுங்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அத்தான் வேலைக்குப் போகாமல், பெடலோடு போன பழைய கிராங்கு திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார். அவள் பையை வைப்பதற்குள், பெடலை நான் கழட்டறேன் என்று அதைத் தரையில் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"அத்தான், இடது பெடல் மட்டும் தலைகீழ் மரை. நீங்க இறுக்கிட்டிருக்கீங்க."

"யார் சொன்னது?"

"மரையே சொல்லுது. இந்தப் பக்கமா வந்து பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இன்ஸ்பெக்டர் இருக்கும்போது கான்ஸ்டபிளுக்கு என்ன வேலை?" அக்கா உள்ளேயிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் இறுக்கியதையும் சேர்த்துக் கழற்ற வேண்டியிருந்ததால் சின்னவளுக்கு முழங்கால் தேய்ந்தது.

பெடலை வாங்கிவந்த கிராங்கில் மாட்டிவிட்டு, அச்சையும் துளையையும் துணியால் பளிச்சென்று துடைத்தாள். போல்ட் மரையில் ஒரு சொட்டு எண்ணெய். வலது கிராங்குக்கு நேர் எதிராக வைத்து, புது வரவைக் கையால் அச்சில் ஏற்றி அழுத்தினாள். ஆழத்தில் அச்சின் நுனி தெரிந்தது. அதற்கும் வாஷர் உட்காரும் இடத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தது. கிராங்கு ஏறிக்கொள்ள இடம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியும் லிப்ஸ்டிக்கை எடுத்தாள்.

"மறுபடியுமா?" என்றாள் அக்கா.

"மறுபடியும்."

போல்ட்டைப் போட்டாள். குழாயைச் செருகினாள். அத்தான் எதிர்ப்பக்கப் பெடலைப் பிடித்துக்கொண்டார். விரல் பழைய இடத்தில் நின்றது. அவள் விரலிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலை அகட்டி வைத்துத் தோளைக் கொடுத்தாள். கிராங்கு கிறீச்சென்று முனகிக்கொண்டு ஏறியது.

"போதும்டீ, உடைஞ்சிடும்" என்றாள் அக்கா.

"இன்னும் வரல."

"என்ன வரல?"

சின்னவள் கண்ணை மூடினாள். அலமாரி ஸ்பேனர் எங்கே பேசுமோ அந்த இடத்துக்குத் தோள் போய்ச் சேர்ந்தது. வீட்டு ஸ்பேனர் டக் என்று சொல்லாது. அவளே தலையை அசைத்துக்கொண்டாள். போல்ட்டைக் கழற்றி வாஷரைத் திருப்பினாள். சிவப்பு இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டி, மறுபடி கண்ணை மூடி இறுக்கினாள். பிறகு கிராங்கைப் பிடித்துக் குறுக்காக ஆட்டினாள். அக்காவும் ஆட்டினாள். அத்தான் இரண்டு கையாலும் ஆட்டினார். மொத்த சைக்கிளும் ஆடியது. கிராங்கு தனியாக ஆடவில்லை.

வியாழன் அன்று அக்கா கிளம்பும்போது சின்னவள் வாசலில் நின்றாள். காலித் தட்டோடு உந்தி ஏறிக் காட்டிவிட்டு, "திருப்தியா?" என்று கேட்டு அக்கா போனாள். திருப்தி எங்கே வரும்? சுமை ஏற்றிய பிறகல்லவா தெரியும்? சின்னவள் பல் தேய்த்தாள், அடுப்பைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது தெருவிலேயே இருந்தது.

கேட்டது மணிச் சத்தம். அக்கா ஓட்டிக்கொண்டு வந்து, பிரேக் பிடித்து, படியில் கால் ஊன்றி நின்றாள்.

"மேட்டுல?" என்றாள் சின்னவள்.

"மேட்டுல நின்னு மிதிச்சேன். சத்தமே இல்ல. சத்தம் இல்லாம எனக்குத்தான் பயமா இருந்துச்சு."

"முதலாளி?"

"பன்னு சூடா இருக்கறப்பவே எல்லாக் கடைக்கும் போயாச்சு. திரும்பிப் போய்க் கணக்கைக் குடுத்தா, மேலயும் கீழயும் பார்க்கறார். இனிமே வண்டி சரியா இருக்குமான்னார். எங்க வீட்ல ஆள் இருக்குன்னேன்." அக்கா இறங்கி வண்டியைச் சாய்த்தாள். "ஸ்கூட்டர்காரன் அங்கதான் நின்னுட்டிருந்தான். பாவம், சின்னப் பையன்டீ. ஒரு பன்னு வாங்கித் தின்னுட்டுப் போனான்."

சின்னவள் அதற்குள் குழாயோடு உட்கார்ந்துவிட்டாள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு கிராங்கு இன்னும் கொஞ்சம் ஏறி உட்காரும். ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். தோளைக் கொடுத்தாள். போல்ட் மெல்ல, ஒரு கண்ணிமையளவு நகர்ந்து நின்றது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் சந்தேகம் வந்தது. இப்போது நகர்ந்தது நாளையும் நகருமா? தினம் இறுக்கினால் என்ன? உடனே பதிலும் வந்தது: தினம் தினம் இறுக்கினால் ஆப்பு ஏறி ஏறித் துளை விரிந்து, பழைய கிராங்கு போன இடத்துக்கே இதுவும் போகும். போன மாதம் கை முன்னாடியே நின்றது. இனி நிற்காமல் போனாலும் அதே கதிதான்.

அத்தான் உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "என் குழாயைத் தருவீங்களா, இன்ஸ்பெக்டர் அம்மா? அங்க ஒரு வீடு பாதி வெள்ளையா நிக்குது."

குழாயைக் கொடுக்க அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. கொடுத்துவிட்டாள். ஸ்பேனரைத் துடைத்து, கைக்கு லேசில் எட்டாத மேல் பரணில் வைத்தாள். கடைக்குக் கிளம்பும் முன் நோட்டைத் திறந்தாள்.

இருபதாம் தேதி, வியாழன்.
இடது கிராங்கு மாற்றினேன். அக்கா சுமையோடு போய் ஓட்டிக்கொண்டே திரும்பினாள். ஒருமுறை மறுபடி இறுக்கினேன். கொஞ்சம் நகர்ந்து நின்றது. 
நாளை: அக்கா வந்ததும் இரண்டு கிராங்கையும் கையால் பிடித்துக் குறுக்காக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடாவிட்டால் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.